விலைவாசி ஏறினால் அது லாபமா?

இராஜாஜி பிறந்த ஊர் என்று பெயர் பெற்றது தொரப்பள்ளி. இன்று அங்கும் பக்கத்துக் கிராமங்களிலும் நிலத்தின் பேச்சுத்தான் பெரும் பேச்சு. 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது, ஆலைகள் வந்தன. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. 2024 ஜூனில், 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று மாநில சர்க்கார் சட்டமன்றத்தில் அறிவித்தது. ஒவ்வொரு அறிவிப்பும் நிலத்தின் விலையை ஏற்றுகிறது. மனை விற்கும் கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் வாழ்நாள் முழுவதும் உழைத்து ஒரே ஒரு வீட்டைக் கட்டிய ஆலைத் தொழிலாளி, கடனுக்காகவோ வைத்தியத்துக்காகவோ அதை விற்கும்போது என்ன நடக்கிறது? வரி வந்து நிற்கிறது!

இதற்கு மூலதன ஆதாய வரி என்று பெயர். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை லாபம் என்று கணக்கிட்டு வரி போடுகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் கையில் இருந்த சொத்துக்கு, 2024 ஜூலை 23 வரையில், விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டு மீதிக்கு 20 சதவிகிதம் என்று இருந்தது. அந்த வருஷ பட்ஜெட்டில், கழிவை எடுத்துவிட்டு 12.5 சதவிகிதம் என்று மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்டில் சர்க்கார் கொஞ்சம் இறங்கி வந்தது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு, மனைகளுக்கு மட்டும் இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்றது. பின்னால் வாங்கியவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

இதன் விளைவு என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2010-11-ல் 10 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வீட்டை 2025-26-ல் 22 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். சர்க்காரின் சொந்தக் குறியீட்டெண்ணே அந்த இடைவெளியில் 167-லிருந்து 376-க்கு ஏறியிருக்கிறது. அதன்படி பழைய 10 லட்சம் இன்று 22.5 லட்சத்துக்குச் சமம். லாபம் ஒரு காசு கூட இல்லை, வரியும் இல்லை. இதே வீட்டுக்குப் புதிய முறை மட்டும் இருந்தால்? 12 லட்சம் ‘லாபம்’, ஒன்றரை லட்சம் வரி! இன்று கடன் வாங்கி மனை வாங்கும் இளம் தொழிலாளிக்கு நாளை காத்திருப்பது இந்தக் கணக்குத்தான். ரூபாயின் மதிப்பு தேய்ந்ததை லாபம் என்று சொல்லி அதற்கும் வரி கேட்பது எந்த ஊர் நியாயம்?

சலுகை இல்லையா என்றால், இருக்கிறது. யாருக்கு? வீட்டை விற்ற லாபத்தைக் கொண்டு இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று வருஷத்துக்குள் கட்டினால், வரி இல்லை. புது வீட்டின் விலையில் 10 கோடி ரூபாய் வரை இந்தச் சலுகை செல்லும். கோடீசுவரர் மாளிகையை விற்று மாளிகை வாங்கலாம்; வரி கிடையாது. மகள் கலியாணக் கடனை அடைக்க வீட்டை விற்ற தொழிலாளி மறுபடி வீடு வாங்க எங்கே போவார்? அவர் வரி கட்ட வேண்டும். பங்கு மார்க்கெட்டில் நீண்ட கால லாபம் எடுப்பவருக்கு வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. வீடு விற்பவருக்கு அப்படி ஒரு தனி வரம்பு இல்லை.

நிலமுள்ள ஏழை விவசாயிக்கும் ஓர் ஆபத்து உண்டு. கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் இந்த வரி இல்லை. ஆனால் எது கிராமம்? ஓசூரைப் போல ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை ஜனத்தொகை உள்ள நகரமானால், அதன் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலம் வரிக்கு உட்பட்டது. நகரத்தின் எல்லை நகர்ந்தால் கோடும் நகரும். உழுகிறவர் இடத்தை விட்டு அசையவில்லை. சட்டம் அவர் காலடிக்கு வந்துவிடுகிறது! இரண்டு வருஷமாவது பயிர் செய்த நிலத்தை விற்று, இரண்டு வருஷத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்கு உண்டு. இதை நம் விவசாயிகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாகக் கேட்கும் தரகரை நம்பாதீர்கள். இன்று கறுப்பில் கொடுத்த பணம், நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலைக் கணக்கில் சேராது. அவ்வளவும் உங்கள் லாபமாகத் தோன்றும். முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், வீடு கட்டிய செலவு ஆகியவற்றின் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

நாம் வரியே வேண்டாம் என்கிறோமா? இல்லை! 1947-ல் இந்த வரி முதலில் வந்தபோது கூக்குரலிட்டவர்கள் பெருமுதலாளிகள். 1949-ல் அதை எடுக்க வைத்தார்கள். 1956-ல் அது மீண்டும் வந்தது. செல்வந்தரின் வாரிசுச் சொத்துக்கு 1953-ல் வந்த வரி 1985-ல் போயிற்று. 1957-ல் வந்த சொத்து வரியை 2015 பட்ஜெட் ஒழித்தது. 2019-ல் கம்பெனிகளின் வரி 30-லிருந்து 22 சதவிகிதமாக இறங்கியது. பணக்காரர் மீதிருந்த வரிகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஒற்றை வீட்டுக்காரர் மீது மட்டும் பிடி இறுகுகிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். எப்போது வாங்கியிருந்தாலும் ஒரே வீட்டுக்கு விலைவாசிக் கழிவைத் திரும்பக் கொடு! கடனுக்கும் வைத்தியத்துக்கும் விற்கும் சிறு வீட்டுக்கு ஒரு வரம்பு வரை விலக்குக் கொடு! சாலையும் ஆலையும் ஏற்றிய நிலவிலையை மூட்டை கட்டும் பெரும் புள்ளிகளின் சொத்துக்கு மறுபடி வரி போடு! தோழர்களே, ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் இதைப் பேசுங்கள். சங்கத்தில் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள். 2024-ல் எதிர்ப்புக்குப் பின் சர்க்கார் பாதி இறங்கியது. மீதியையும் இறங்க வைப்போம்!