28 வயதில் மாரடைப்பா?

"ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு கொலஸ்ட்ரால் டெஸ்ட்?" என்று கேட்கும் நண்பர்களே, செர்கெய் கிரிங்கோவ் கதையைக் கேளுங்கள்.

ஜோடி பனிச்சறுக்கு நடனத்தில் 1988, 1994 என இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற ரஷ்யர். 1995 நவம்பரில் பயிற்சியின்போதே சரிந்து இறந்தார். வயது 28! இதயத் தமனிகள் அடைத்துப்போயிருந்தன. அப்பாவும் 52 வயதில் மாரடைப்பில் போனவர்.

கெட்ட கொலஸ்ட்ரால் தமனிச் சுவரில் வருடக்கணக்கில் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கிறது. அதைக் காயமென்று நினைத்து ரத்தம் அங்கே உறைகிறது, வழி அடைபடுகிறது. தட்டணுக்களை எளிதில் ஒட்டவைக்கும் மரபணு வகை ஒன்றும் கிரிங்கோவுக்கு இருந்தது பிறகு தெரியவந்தது.

உடற்பயிற்சி அவசியம்தான். ஆனால் அது மட்டும் போதாது. வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், இருபதிலேயே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இன்றே அம்மா அப்பாவிடம் கேளுங்கள்: தாத்தா எப்படி இறந்தார்?