பரிமாணங்களுக்குள் இறைவனைத் தேடலாமோ?

நம் மறையுரை மேடைகளிலும் தியான அரங்குகளிலும் புதியதொரு வழக்கம் தலைகாட்டி வருகிறது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றுக்கும் அப்பால் கூடுதல் பரிமாணங்கள் இருப்பதாக இயற்பியல் கண்டுபிடித்துவிட்டதாம். விண்ணகம் அங்கேதான் உள்ளதாம். உயிர்த்த ஆண்டவர் பூட்டிய கதவுகளுக்குள் வந்து நின்றதும் அவ்வழியாகத்தானாம். கேட்போர் வியக்கின்றனர். நாமோ வருந்துகிறோம். இது விசுவாசத்துக்குச் செய்யும் தொண்டு அன்று, தீங்கு.

அறிவியல் உண்மையில் கூறுவது என்ன? அடிப்படைத் துகள்கள் புள்ளிகள் அல்ல, மிக நுண்ணிய இழைகளின் அதிர்வுகள் என்பது இழைக் கோட்பாடு. வீணையின் ஒரே தந்தி பல சுரங்களை எழுப்புவதுபோல், ஒரே இழை பலவகைத் துகள்களாகத் தோன்றும். இக்கணக்கு பொருந்துவதற்குக் காலத்தையும் சேர்த்துப் பத்து அல்லது பதினொரு பரிமாணங்கள் வேண்டும். இழைகளின் முனைகள் பற்றி நிற்கும் பரப்புகளைப் 'பிரேன்' என்பர். சவ்வு எனப் பொருள்படும் மெம்பிரேன் என்ற சொல்லின் குறுக்கம் அது. 1995-இல் ஜோசப் போல்சின்ஸ்கி இவற்றின் இன்றியமையாமையை எடுத்துக்காட்டினார். விரிந்துகொண்டே செல்லும் நம் பேரண்டம் அத்தகையதொரு விரியும் பிரேனாக இருக்கலாம் என அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

'இருக்கலாம்' என்பதே இங்கு முக்கியமான சொல். ஜெனீவா நகருக்கு அருகே, செர்ன் ஆய்வகத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த துகள் மோதுவி 2012-இல் ஹிக்ஸ் துகளைக் காட்டியது. கூடுதல் பரிமாணத்தின் சுவடு எதையும் இதுவரை காட்டவில்லை. அறிஞரே தயங்கி நிற்கும் இடத்தில் நாம் முந்திக்கொண்டு 'ஆமென்' சொல்வது எவ்வகை ஞானம்?

நாளை அப்பரிமாணங்கள் கண்டறியப்பட்டாலும் நம் மறுப்பு மாறாது. பரிமாணங்கள் மூன்றாயினும் பத்தாயினும் அவை படைக்கப்பட்டவையே. விண்ணகமோ இறைவனோடு ஒன்றித்து வாழும் நிறைவாழ்வு. அதற்கு முகவரி தேடுவோர், உயிர்ப்பு என்னும் மறைபொருளைப் பின்வாசல் வழியாக நுழையும் வித்தையாகச் சுருக்கிவிடுகின்றனர்.

வேறு சிலர் அறிவியலின் எல்லையில் இறைவனை நிறுத்துகின்றனர். 1965-இல் செர்ன் அறிஞர் ரோல்ஃப் ஹாகடோர்ன், ஆற்றல் மிகமிகத் துகள் நிலைகளின் எண்ணிக்கை பன்மடங்காகப் பெருகுவதால், ஏறத்தாழ இரண்டு இலட்சம் கோடி பாகை வெப்பத்துக்கு மேல் பருப்பொருளைச் சூடேற்ற இயலாது என்றார். இழைக் கோட்பாட்டிலும் இத்தகையதோர் எல்லை உண்டு. "பார்த்தீர்களா, இதற்கப்பால் கடவுள்!" என்று கூறத் தோன்றும். ஆனால் ஹாகடோர்ன் கண்ட எல்லை முடிவன்று என்பது பின்னர் தெளிவாயிற்று. பனிக்கட்டி உருகி நீராவதுபோல், அவ்வெப்பத்தில் துகள்கள் உருகிக் குவார்க்குகளின் குழம்பாகின்றன. அவ்வெல்லையில் இறைவனுக்குக் கூடாரம் அடித்திருந்தோர், அதைப் பெயர்த்துக்கொண்டு ஓட வேண்டியிருந்திருக்கும்.

எதிரணியினரும் இதே பிழையைச் செய்கின்றனர். 2001-இல் ஸ்டைன்ஹார்ட், டூராக் முதலியோர், இரு பிரேன்கள் மோதியதன் விளைவே பெருவெடிப்பு என்றொரு கருத்தை முன்வைத்தனர். மோதலும் விரிவும் மீண்டும் மீண்டும் நிகழலாம் என்று மறு ஆண்டே அதை விரித்துரைத்தனர். உடனே, "தொடக்கமே இல்லையெனில் படைத்தவர் எதற்கு?" என்பார் எழுந்தனர். இதற்கு 13-ஆம் நூற்றாண்டிலேயே விடை உண்டு. உலகிற்குத் தொடக்கம் உண்டென்பதை விசுவாசத்தால் ஏற்கிறோம். பகுத்தறிவால் மட்டும் அதை நிறுவ இயலாது என்றார் புனித தோமாஸ் அக்குவினார். படைப்பு என்பது முதல் நொடியில் நிகழ்ந்து முடிந்த நிகழ்ச்சி மட்டுமன்று. ஒவ்வொரு நொடியும் உலகம் இருப்பதற்கே இறைவனைச் சார்ந்து நிற்கும் உறவு. பிரேன்கள் ஆயிரம் முறை மோதினும், அவை ஏன் இருக்கின்றன என்ற வினா அப்படியே நிற்கிறது.

திருச்சபையின் வரலாறும் நமக்குப் பாடம் புகட்டுகிறது. 1951 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், அன்றைய விண்ணியல் முடிவுகள் படைப்புக்குச் சான்று பகர்வதாக உரையாற்றினார். பெருவெடிப்புக் கோட்பாட்டின் தந்தையான பெல்ஜிய நாட்டுக் குரு ஜார்ஜ் லெமேத்ர் இதில் உடன்படவில்லை. தம் கோட்பாடு சமய வினாக்களுக்குப் புறம்பானது என்று 1958-இல் அவர் தெளிவுபடுத்தினார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் 1988-இல் வத்திக்கான் வானாய்வகத் தலைவருக்கு எழுதிய மடலில், பெருவெடிப்பைச் சிந்தனையின்றி இறையியல் வாதமாக்கலாகாது என எச்சரித்தார். வலுவான சான்றுகள் கொண்ட பெருவெடிப்புக்கே இந்த எச்சரிக்கை என்றால், சான்றே இல்லாத பிரேன்களைப் பீடத்தருகே கொண்டுவர நமக்கு என்ன உரிமை?

இழப்பு யாருக்கு? இயற்பியல் பயிலும் நம் இளைஞருக்கே. ஞாயிறன்று தாம் கேட்ட 'அறிவியல் சான்று' வெறும் ஊகம் என்பதைத் திங்களன்று வகுப்பறையில் அவர்கள் அறிவார்கள். அன்று அவர்கள் ஐயுறுவது மறையுரையாளரை மட்டுமன்று, அவர் அறிவித்த உயிர்ப்பையும்தான். கிறிஸ்தவர் இயற்கையைப் பற்றி அறியாமல் பிதற்றினால், பிறர் மறைநூலையே எள்ளி நகைப்பர் என்று புனித அகுஸ்தினார் அன்றே கவலையுற்றார்.

ஆகவே, பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியரே, உடன் குருக்களே! அறிவியலை மதிப்போம், பிள்ளைகள் அதை ஆழ்ந்து கற்க ஊக்குவிப்போம். இழைக் கோட்பாடு வெல்லினும் வீழினும் அது ஆய்வகத்தில் முடிவாகட்டும். நாம் அறிவிக்க வேண்டியது சிலுவையில் அறையுண்டு உயிர்த்த கிறிஸ்துவை. தோமாவுக்கு அவர் காட்டியது தம் காயங்களை; தாம் வந்த வழியை அன்று.