எரிந்து அணையும் கூலன்ட் லைட்... சென்சாரைத் திட்டாதீங்க!

மலைப்பாதை வளைவில் பழைய கார் திரும்பும்போது கூலன்ட் லைட் எரிகிறது. சமதளத்துக்கு வந்ததும் அணைந்துவிடுகிறது. ‘வயசான வண்டி, சென்சார் கோளாறு’ என்று விட்டுவிடுகிறீர்களா?

பெரும்பாலும் லைட் சொல்வது உண்மைதான். கூலன்ட் குறைந்திருந்தால், வளைவிலும் ஏற்றத்திலும் டேங்கில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அப்போது மட்டும் லைட் எரியும்.

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து பாருங்கள். கூலன்ட் ‘மின்’, ‘மேக்ஸ்’ கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். குறைந்திருந்தால், வண்டியின் கையேட்டில் சொன்ன கூலன்டை ஊற்றி, அளவை டேங்கின் மேல் மார்க்கரால் குறித்துவையுங்கள். ஒரு வாரம் கழித்து, அதேபோல் ஆறிய வண்டியில் பாருங்கள்.

இறங்கியிருந்தால் ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என எங்கோ கசிகிறது. வெளியே ஈரமே இல்லையென்றால், ஹெட் கேஸ்கெட்டையும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள். அளவு அப்படியே இருந்தும் லைட் எரிகிறதா? இப்போது சென்சாரையும் அதன் கனெக்டரையும் சந்தேகப்படலாம்.

பயணத்தில் டெம்பரேச்சர் முள் ஏறினால், ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும். இன்ஜினை மாற்றிவிடலாம், முகத்தை மாற்ற முடியாது!