நீரையும் காப்போம், காணியையும் கேட்போம்



பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் பெய்யும் மழை ஓயாக்களில் இறங்கி, வளவை கங்கையில் சேர்ந்து, உடவளவை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. கீழே எத்தனையோ வயல்கள் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. அந்த நீர்த்தேக்கத்தையும் சுற்றியுள்ள காணியையும் சேர்த்து 30,821 ஹெக்டயரை 1972 ஜூன் மாதம் அரசாங்கம் தேசிய பூங்காவாக்கியது. அணை கட்டியதால் இடமிழந்த யானை முதலான விலங்குகளுக்குப் புகலிடம் தருவதும், நீரேந்து பகுதியைக் காப்பதும் அதன் நோக்கம்.

அது சரியான முடிவு. தனியாரிடம் போயிருந்தால் இன்று கரையெல்லாம் ஹோட்டல் மதிலாக இருந்திருக்கும். ஆனால் அங்கே சேனைப்பயிர் செய்துவந்த ஏழை விவசாயிகள் படிப்படியாக வெளியேற்றப்பட்டதையும் மறக்கக்கூடாது.

அதே 1972இல்தான் காணிச் சீர்திருத்தச் சட்டமும் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாகின. பொதுச்சொத்து என்றார்கள். அந்தப் பொதுவில் நாம் இருந்தோமா? பல தோட்டங்களில் நம்மவர்கள் லயத்தை விட்டு விரட்டப்பட்டார்கள். பட்டினியால் செத்தவர்களும் உண்டு. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியது. நம்மில் பெரும்பாலானோருக்கு இருக்கும் லயக் காம்பராவுக்குக்கூட இன்றுவரை உறுதி கிடையாது.

இதனால்தான் 'பாதுகாப்பு வலயம்' என்ற பேச்சு வந்தாலே நமக்குப் பயம் வருகிறது. பயம் நியாயமானது. ஆனால் ஓயாக்கரை மரத்தை வெட்டினால் முதலில் வற்றுவது நமது பீலி. மலை சரிந்தால் முதலில் புதைவது நமது லயம். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் எப்படி இறங்கியது என்பதைக் கேகாலைத் தோழர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

ஊற்று, ஓயாக்கரை, சரிவான மலை ஆகியவற்றை அளந்து எல்லை போடுங்கள். அவற்றை எவருக்கும் விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ வேண்டாம்.

எல்லை போடும்போது தோட்டத்து மக்களின் பிரதிநிதிகளும், முக்கியமாகப் பெண்களும், கூட நிற்கவேண்டும். எந்த மழைக்கு எந்த ஓடை பெருகும் என்று கொழுந்து பறிப்பவருக்குத் தெரியும்.

விறகு பொறுக்கும் தொழிலாளிக்கு ஒரு சட்டம், மாணிக்கக் குழி தோண்டும் முதலாளிக்கு ஒரு சட்டம் இருக்கக்கூடாது.

ஆபத்தான இடத்திலிருந்து எழுப்பப்படும் குடும்பத்துக்கு முதலில் பாதுகாப்பான காணியும் உறுதியும் கொடுங்கள். பிறகு லயத்தை உடையுங்கள்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் தோட்டத்து ஊற்றுகளின் பெயர்களை எழுதி அனுப்புங்கள். பொதுக்காணி என்றால் அதைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டு.