மரத்தை அறுக்குமுன் அட்டையை வெட்டுங்கள்!



மின்கிட்டாரை வீட்டிலேயே செய்ய முடியுமா? உங்களில் இசையிலும் கைவேலையிலும் ஆர்வமுள்ள சிலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். முடியும் என்பதுதான் பதில். சாதாரண கிட்டாரில் ஒலியைப் பெருக்குவது மெல்லிய பலகைகளால் ஆன உள்ளீடற்ற பெட்டி. அதைச் செய்யப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். மின்கிட்டாரின் உடலோ பெரும்பாலும் கெட்டியான மரக்கட்டைதான். எஃகுத் தந்தி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தத்தின் புலம் மாறுகிறது. காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. நீங்கள் பள்ளியில் படிப்பதும் இதுவே. நைலான் தந்தி பூட்டினால் இந்தக் கிட்டார் ஏன் ஊமையாகிவிடும் என்பது இப்போது உங்களுக்கே விளங்குமல்லவா?

கிட்டாருக்கான வரைபடங்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. படம் கைக்கு வந்ததும் பலர் என்ன செய்கிறார்கள்? நேராக மரப்பலகையின்மேல் கோடு இழுத்து ரம்பத்தை எடுத்துவிடுகிறார்கள். இது தவறு என்பதே என் கருத்து. வரைபடத்திலிருந்து முழு அளவு மாதிரி அட்டைகளை, அதாவது டெம்ப்ளேட்டுகளை, தம் கையாலேயே செய்து சரிபார்க்காத எவரும் மரத்தைத் தொடக்கூடாது. இன்னும் ஒரு படி மேலே சென்று சொல்கிறேன்: கிட்டார் செய்யும் வேலையில் அறிவியல் மிகுதியாக இருப்பது இந்த அட்டை வெட்டும் கட்டத்தில்தான்.

பதினாறு வயதில் ஒரு கிட்டார்

இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரையன் மே என்ற பதினாறு வயது மாணவர் தம் தந்தையோடு சேர்ந்து ஒரு மின்கிட்டார் செய்யத் தொடங்கினார். கடையில் விற்ற நல்ல கிட்டார்களை வாங்க அவர்களிடம் பணமில்லை. கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மேலிருந்த மகோகனி மரம் உதவியது. உடலுக்குப் பழைய மேசையின் ஓக் மரம் பயன்பட்டது. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு சுருள்வில்கள் தந்திகளின் இழுவிசையைச் சமன் செய்தன. தாயாரின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் மெட்டுப் பலகையில் அடையாளப் புள்ளிகளாயின. வேலை முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. பின்னர் ‘குவீன்’ இசைக்குழுவில் உலகப் புகழ் பெற்ற அவர், அந்தக் கிட்டாரையே வாசித்து வந்தார். 2007இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் கணப்படுப்பு மரத்தையும் பொத்தான்களையும்தான் வியந்து பேசுவார்கள். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. அந்தக் கிட்டாரில் தந்தியின் ஒலிக்கும் நீளம் 24 அங்குலம். அதில் 24 மெட்டுகள். மரத்தையும் பொத்தானையும் பழைய பொருள்களிலிருந்து பெறலாம். 24 மெட்டுகளும் எங்கெங்கே அமைய வேண்டும் என்பது எந்தப் பழைய பொருளிலிருந்தும் கிடைக்காது. அதற்குக் கணக்கும் அளவுகோலும்தான் வேண்டும்.

நகரும் மெட்டும் நகராத மெட்டும்

நம் வீணையைப் பாருங்கள். அதிலும் 24 மெட்டுகள் உள்ளன. ஆனால் அவை மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. வீணை செய்பவர் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் இடம் பார்த்து அமைக்கிறார். நாளடைவில் சுரம் விலகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம். கிட்டாரில் அப்படி முடியாது. மெட்டுப் பலகையில் ரம்பத்தால் அறுத்த பள்ளத்தில் மெட்டு இறங்கி அமர்கிறது. அறுத்தது அறுத்ததுதான். ஆகவே காது செய்யவேண்டிய வேலையைக் கணக்கு முன்கூட்டியே செய்தாக வேண்டும்.

அந்தக் கணக்கு என்ன? தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி ஒலிக்கும். இடையில் பன்னிரண்டு சம படிகள் வேண்டும். ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் 1.05946 மடங்கு உயர வேண்டும்; இந்த எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 2 வரும். செய்து பாருங்கள். தந்தியின் நீளத்தில் இதையே வேறுவிதமாகச் சொல்வதானால், மீதமுள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் தொலைவு கிடைக்கும்.

கலிலியோவைத் தெரியாதவர் உண்டா? அவருடைய தந்தை வின்சென்ஸோ கலிலி ஓர் இசைக்கலைஞர். 1581இல் வெளியிட்ட தம் நூலில், லூட் என்னும் தந்திக் கருவிக்கு 17.817க்குப் பதிலாக 18 என்ற எளிய எண்ணைக் கொண்டு மெட்டுகளை அமைக்கலாம் என்றார். 648 மி.மீ. நீளமுள்ள தந்தியில் இந்த முறைப்படி அளந்தால், பன்னிரண்டாவது மெட்டு சரியான நடுவிடத்தைவிட 2 மி.மீ.க்குச் சற்று மேல் முன்னதாகவே நின்றுவிடும். தந்தியை விரலால் அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுரம் உயர்வதால், இந்தக் குறை ஓரளவு ஈடாகிவிடும். அன்றைய காதுகள் அதை ஏற்றுக்கொண்டன. இன்று நம் கையில் கால்குலேட்டர் இருக்கிறது. தோராயத்தோடு நிற்கக் காரணமில்லை.

648 மி.மீ. தந்திக்குச் சில அளவுகள்: முதல் மெட்டு 36.37 மி.மீ., இரண்டாவது 70.70, மூன்றாவது 103.10, ஐந்தாவது 162.55, ஏழாவது 215.51, பன்னிரண்டாவது 324.00. இவை அனைத்தும் தந்தி கழுத்தின் முனையில் தொடங்கும் இடத்திலிருந்து எடுத்த அளவுகள். இந்தச் சொற்றொடரைக் கவனியுங்கள். நான் சொல்ல வருவதன் உயிர் அதில்தான் இருக்கிறது.

பிழை எப்படி வளர்கிறது?

முதல் மெட்டிலிருந்து இரண்டாவதை அளந்து, அங்கிருந்து மூன்றாவதை அளந்து சென்றால் என்ன ஆகும்? பென்சில் கோட்டின் தடிமனால் ஒவ்வொரு முறையும் 0.3 மி.மீ. கூடுவதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாவது மெட்டுக்கு வரும்போது பிழை 3.6 மி.மீ. ஆகிவிடும். அது அடுத்தடுத்த இரு சுரஸ்தானங்களுக்கு இடைப்பட்ட தொலைவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இசைப்பயிற்சி இல்லாதவர் காதிலும் அது உறுத்தும். அளவுகோலை ஒரே இடத்தில் வைத்து, எல்லா மெட்டுகளையும் தொடக்கத்திலிருந்தே அளந்தால் பிழை 0.3 மி.மீ.க்குமேல் வளராது. கோல் அதே, பென்சில் அதே, கையும் அதே. முறை ஒன்றுதான் மாறியது!

இன்னொன்றும் உண்டு. மேலே செல்லச் செல்ல, ஒலிக்கும் தந்தி குறுகுகிறது. ஆகவே அதே 1 மி.மீ. பிழை, முதல் மெட்டில் செய்யும் கெடுதலைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கெடுதலை 24ஆவது மெட்டில் செய்யும்.

அச்சிட்ட படத்தை அப்படியே நம்பலாமா?

“முழு அளவுப் படத்தையே அச்சிட்டு எடுத்துவிடலாமே, நாம் ஏன் அளக்க வேண்டும்?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பல அச்சுப்பொறிகள் தாளின் ஓரத்துக்குள் அடக்குவதற்காகப் படத்தைச் சற்றுச் சுருக்கிவிடும். 97 விழுக்காடாகச் சுருங்கியது என்று கொள்வோம். 648 மி.மீ. நீளம் 628.6 மி.மீ. ஆகிவிடும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது.

இங்கே ஒரு வேடிக்கை. எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தால் சுரங்கள் கெடாது, விகிதங்கள் மாறவில்லையே! ஆனால் தந்திகளைத் தாங்கும் குதிரையை மட்டும் படத்தில் எழுதியுள்ள எண்ணை நம்பி 648 மி.மீ.இல் பொருத்தினால், பன்னிரண்டாவது மெட்டில் ஒலிக்கும் சுரம் அரை சுரஸ்தான அளவு கீழே போய்விடும். கிட்டார் முழுவதும் அபசுரம். கடையில் வாங்கிய முறுக்காணிகளும் பிக்கப்புகளும் உங்கள் படத்தோடு சேர்ந்து சுருங்கப் போவதில்லை. அவற்றுக்கான துளைகள் மட்டும் சிறுத்திருக்கும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள கிட்டாருக்கு ஏ4 தாள்கள் நீளவாக்கில் நான்கு வேண்டும். மூன்று ஒட்டுகளில் ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. விலகினாலே மொத்தம் ஒன்றரை மி.மீ. ஆகிறது. தாள் ஈரக்காற்றில் விரியும். நீர் கலந்த பசை தடவினால் இன்னும் விரியும். படம் சிறிய அளவில் இருந்து நீங்களே நான்கு மடங்கு பெரிதாக்கினால், அரை மி.மீ. கோடும் 2 மி.மீ. பட்டையாகிவிடும். அந்தப் பட்டையின் எந்த ஓரத்தில் அறுப்பீர்கள்?

எங்கே கண்டிப்பு, எங்கே தாராளம்?

எல்லாவற்றையும் நூலிழை பிசகாமல் செய்யச் சொல்கிறேன் என்று அஞ்சவேண்டாம். உடலின் வளைவு 2 மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் ஒலி கெடாது. கைக்கு இதமாக இருந்தால் போதும். கண்டிப்பு வேண்டியது நான்கு இடங்களில்தான்: தந்தியின் நீளம், நடுக்கோடு, கழுத்தும் உடலும் சேரும் பள்ளம், வாங்கிய பாகங்களுக்கான துளைகள். எங்கே துல்லியம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்தறிவதே நல்ல பொறியாளரின் அடையாளம். அதற்கான முறை இதோ:

1. முதலில் பாகங்களை வாங்குங்கள். படத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கையில் உள்ள பாகத்தை அளந்து குறியுங்கள்.

2. நடுக்கோட்டை முதலில் வரையுங்கள். மற்ற எல்லா அளவுகளும் அதிலிருந்தே பிறக்கட்டும். கழுத்து ஒரு பாகை திரும்பியிருந்தால், 400 மி.மீ. தொலைவில் அது 7 மி.மீ. விலகியிருக்கும், தந்தி பலகையை விட்டே இறங்கப் பார்க்கும்.

3. அச்சிட்ட தாளை உடலின் வெளிக்கோட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மெட்டு அளவுகளை எஃகு அளவுகோலால் நீங்களே குறியுங்கள். தாளை ஒட்டிய பிறகு மீண்டும் அளந்து பாருங்கள்.

4. 6 மி.மீ. ஒட்டுப்பலகையில் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் கோடு வரை தேய்த்துக் கொண்டுவாருங்கள். கண்ணை மூடி ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய மேடு விரலுக்குத் தெரியும். மரம் குடையும் ரவுட்டர் இயந்திரம் டெம்ப்ளேட்டின் ஓரத்தை அப்படியே பின்பற்றும். மேடு இருந்தால் மேட்டையும் நகலெடுக்கும். அந்த இயந்திரத்தைப் பெரியவர் உடனிருக்கும்போது மட்டுமே கையாள வேண்டும். தேய்க்கும்போது முகமூடி அணிய மறவாதீர்கள்.

5. அட்டைகளைச் சேர்த்து வைத்து, இரு ஓரத் தந்திகளின் இடத்தில் நூல் கட்டிப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரையுள்ள தொலைவும், அங்கிருந்து குதிரைக்குள்ள தொலைவும் சமமா? சமமானால் மரத்தை எடுக்கலாம். அழுத்திய தந்தி இழுபடுவதை ஈடுசெய்ய, குதிரையின் தாங்கிகள் சில மி.மீ. பின்னே நகர இடம் விட்டிருக்க வேண்டும்.

ஆயத்தமாக வாங்கினால் என்ன?

கணினியால் வெட்டிய டெம்ப்ளேட்டுகள் விலைக்குக் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று சிலர் வாதிடுவர். அவை நம் கை வேலையைவிடத் துல்லியமாக இருக்கலாம்; மறுக்கவில்லை. ஆனால் அது துல்லியமானதா என்பதை நீங்கள் எப்படி அறிவீர்கள்? அளந்துதானே? அளக்கத் தெரியாதவருக்கு நல்ல டெம்ப்ளேட்டும் மோசமான டெம்ப்ளேட்டும் ஒன்றுதான். ஒருமுறை தானே செய்தவர், அடுத்தமுறை தாராளமாக விலைக்கு வாங்கட்டும். அவர் ஏமாறமாட்டார்.

செலவையும் எண்ணிப் பாருங்கள். அட்டையில் நேர்ந்த பிழைக்கு இன்னோர் அட்டை போதும். மரத்தில் நேர்ந்த பிழைக்கு மாற்று இல்லை. ஒரு மரம் அந்தத் தடிமனைப் பெறப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அரை மணி அவசரத்தில் அதை வீணாக்க நமக்கு என்ன உரிமை?

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவியல் கண்காட்சிகளில் பளபளக்கும் பொருளுக்கே பரிசு போகிறது. அதன் பின்னே இருந்த அட்டைகளையும், அழித்து எழுதிய கணக்குகளையும் யாரும் கேட்பதில்லை. இனி அவற்றையும் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்; அவற்றுக்கும் மதிப்பெண் கொடுங்கள். மாணவர் உண்மையில் எதைக் கற்றார் என்பது அங்கேதான் தெரியும்.

நண்பர்களே, ஒருவர் வரைந்த படம் அவர் சொல்லும் செய்திதான். அது உண்மையா என்று கோல் வைத்துப் பார்ப்பதே அறிவியல். கிட்டார் செய்ய மரமும் பணமும் இன்று உங்களிடம் இல்லாமல் போகலாம். ஒரு நீளமான அட்டை, அளவுகோல், கால்குலேட்டர் ஆகியவை போதும்: இந்த ஞாயிற்றுக்கிழமையே 648 மி.மீ. தந்திக்கு 24 மெட்டுகளையும் கணக்கிட்டுக் குறித்துப் பாருங்கள். கடைசி மெட்டு 486 மி.மீ.இல் வந்து நிற்கிறதா?