தோண்டிய துளையைப் படிக்காமல் மூடுகிறோம்

கோடை முற்றும் நாள்களில் கொங்கு நாட்டுச் சாலைகளில் ரிக் வண்டிகள் இரண்டிரண்டாகச் செல்வதைக் காணலாம். முன்னால் செல்வதில் துளையிடும் எந்திரம். பின்னால் வருவதில் இரும்புத் தண்டுகளும் ஆட்களும் சமையல் பாத்திரங்களும். பெரும்பாலானவை திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டவை. நாட்டின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும் அங்கே ஒரு திருச்செங்கோட்டு வண்டி நிற்கும் என்று சொல்லுமளவுக்கு அந்த ஊர் பெயர் பெற்றிருக்கிறது.

பல்லடத்துக்கு அருகே என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவருக்கு நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரே கோடையில் அங்கு மூன்று ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. முதலாவது 850 அடி. புழுதி மட்டுமே வந்தது. இரண்டாவது 1,100 அடி. அரை அங்குலத் தண்ணீர் கிடைத்து ஒரே மாதத்தில் நின்றது. மூன்றாவது துளையின்போது விடிய விடிய நானும் அங்கு இருந்தேன். 700 அடியைத் தாண்டியதும் அண்ணன், 'இன்னும் ஒரு நூறு அடி' என்றார். 800 அடியிலும் அதையே சொன்னார். ஆழம் கூடக் கூட அடிக்கான கூலியும் உயரும் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆனால், கீழே என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது, இடம் குறித்துக் கொடுத்த நீரோட்டம் பார்ப்பவருக்கும் தெரியாது. மூன்று துளைகளுக்கும் சேர்த்து நாலரை லட்ச ரூபாய் செலவானது. அதில் பெரும்பகுதி கடன்.

பணம் போனதைவிட வேறொன்றுதான் எனக்கு இன்றளவும் உறுத்தலாக இருக்கிறது. இரண்டாவது துளை முதல் துளையிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மூன்றாவது துளை முதல் இரண்டிலிருந்தும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஒன்றரை லட்ச ரூபாய் கொடுத்து ஒரு நூலை வாங்கி, ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் மூடிவைப்பது போன்றது இது. ஒவ்வோர் இரவும் தமிழகம் முழுவதும் இதுதான் நடக்கிறது.

அந்த நூலைப் படிக்கும் முறை புதியதன்று. 1927 செப்டம்பர் 5-ஆம் தேதி, பிரான்ஸின் அல்சாஸ் பகுதியிலுள்ள பெஷெல்பிரான் எண்ணெய் வயலில், கான்ராட் ஷ்லும்பர்ஜர், மார்செல் ஷ்லும்பர்ஜர் என்ற சகோதரர்களின் குழு ஒரு கிணற்றுக்குள் மின்கம்பியை இறக்கியது. குறிப்பிட்ட இடைவெளிகளில் கருவியை நிறுத்தி, பாறைக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி, அது எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று அளந்து கையால் வரைபடம் போட்டார்கள். துளையின் சுவரைக் கண்ணால் பாராமலே, எந்த ஆழத்தில் எத்தகைய பாறை இருக்கிறது என்பது தாளில் பதிவானது. இன்று உலகில் தோண்டப்படும் எண்ணெய்க் கிணறுகளில் இந்த அளவீடு இல்லாத கிணற்றைக் காண்பது அரிது.

இதன் அடிப்படை எளிமையானது. கருங்கல் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. உப்புகள் கரைந்துள்ள நீர் கடத்தும். எனவே, பாறையின் மின்தடை எண் பெரும்பாலும் அதிலுள்ள நீரைப் பொறுத்தே அமைகிறது. விரிசலற்ற நைஸ் அல்லது சார்னோகைட் பாறையின் மின்தடை எண் ஆயிரக்கணக்கான ஓம் மீட்டர். அதே பாறை சிதைந்து நீர் தேங்கியிருந்தால் அது சில பத்துகளிலிருந்து ஓரிரு நூறுகளுக்குள் இறங்கிவிடும். களிமண்ணில் பெரும்பாலும் இருபதுக்கும் கீழ். கடல்நீரில் ஏறத்தாழ 0.2 மட்டுமே. துளைக்குள் இறங்கும் கருவி வரையும் கோடு, கடினப் பாறையில் உயரத்திலேயே சென்றுகொண்டிருந்து, நீர் நிறைந்த விரிசலைக் கடக்கும் இடத்தில் மட்டும் சட்டெனச் சரிந்து மீண்டும் எழும். அந்தச் சரிவு எத்தனையாவது அடியில் இருக்கிறது என்பதே உழவருக்கு வேண்டிய செய்தி.

கருவியில் 16 அங்குல இடைவெளியில் ஓர் அளவீடும், 64 அங்குல இடைவெளியில் மற்றோர் அளவீடும் எடுப்பது நெடுநாள் வழக்கம். குறுகிய இடைவெளி துளையின் சுவரை ஒட்டிய பகுதியைக் காட்டும். நீண்ட இடைவெளி சற்று உள்ளே தள்ளியுள்ள பகுதியைக் காட்டும். சேற்றுநீரைக் கொண்டு துளையிடும் மணற்பாங்கான இடங்களில், இரண்டும் வேறுபட்டால் சேற்றுநீர் அந்த அடுக்குக்குள் ஊடுருவியிருக்கிறது என்று பொருள். ஊடுருவ இடமிருந்தால், அந்த அடுக்கிலிருந்து நீரை எடுக்கவும் இடமிருக்கும்.

கடலோரத்தில் இந்த அளவீட்டின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். காவிரிப் படுகையின் கடைமடையில் நல்ல நீருள்ள மணல் அடுக்குக்கு மேலேயோ கீழேயோ உவர்நீர் அடுக்கு இருப்பது இயல்பு. அங்கே துளையிட்டதும் குழாய் இறக்குமுன் மின்தடைப் பதிவு எடுத்தாக வேண்டும். எந்த ஆழத்தில் துளைகளுள்ள வடிகுழாயைப் பொருத்துவது, எந்த ஆழத்தை மூடிய குழாயால் அடைப்பது என்பதை அந்தப் பதிவே தீர்மானிக்கும். குடிநீர் வடிகால் வாரியமும் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் தங்கள் கிணறுகளில் இதைச் செய்கின்றன. தனியார் கிணறுகளில் பெரும்பாலும் செய்யப்படுவதில்லை. தவறான ஆழத்தில் வடிகுழாயைப் பொருத்தினால் ஒரு குடும்பத்தின் கிணறு கெடுவதோடு முடிவதில்லை; அந்தத் துளை வழியாகவே உவர்நீர் நன்னீர் அடுக்குக்குள் இறங்கும். மீஞ்சூர்ப் பகுதியில், அளவுக்கு மீறி நீரெடுத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் புகுந்த கதை சென்னைக்காரர்களுக்குப் புதிதன்று. அங்கு காரணம் வேறு. ஆனால், உப்பு ஏறிய நிலத்தடி நீரை மீட்டெடுக்க எத்தனை பத்தாண்டுகள் ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியாக வேண்டும். இந்தியாவில் எண்ணெய்க்காகவோ எரிவாயுவுக்காகவோ ஒரு கிணறு தோண்டினால், அதில் எடுக்கப்பட்ட மின்தடைப் பதிவு உள்ளிட்ட தரவுகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றைச் சேமித்துவைக்க ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககத்தின்கீழ் தேசியத் தரவுக் களஞ்சியம் ஒன்று 2017 முதல் இயங்கிவருகிறது. தண்ணீருக்காகத் தோண்டினாலோ அப்படிப்பட்ட கட்டாயம் ஏதுமில்லை. 2023-இல் வெளியான ஆறாவது சிறுபாசனக் கணக்கெடுப்பின்படி, நிலத்தடி நீரைச் சார்ந்த பாசன அமைப்புகள் நாட்டில் இரண்டு கோடிக்கும் மேல் உள்ளன. அவற்றில் எத்தனையின் அடியில் என்ன பாறை இருக்கிறது என்பது எந்த ஏட்டிலாவது இருக்கிறதா? எண்ணெய் இல்லாமல் ஒரு நாடு இருந்துவிட முடியும், பக்கத்து நாட்டில் வாங்கிக்கொள்ளலாம். தண்ணீருக்கு அந்த வழி கிடையாது.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012-இல் தொடங்கிய தேசிய நீரக வரைபடத் திட்டம் பாராட்டத்தக்க பணி. நாடு முழுவதும் ஏறத்தாழ 25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை 2023 மார்ச்சுக்குள் வரைந்து முடித்திருக்கிறார்கள். ஆனால், அந்த வரைபடத்தின் அளவு 50,000-க்கு 1. இரண்டு ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் அதில் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. மணற்பாங்கான சமவெளிக்கு இந்த அளவு ஓரளவு பொருந்தலாம்; அங்கே நீர் விரித்த பாய்போலப் பரந்திருக்கும். தமிழகத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. இங்கே நீர் விரிசல்களில்தான் இருக்கிறது. ஒரு கிணற்றில் நீர் பீறிட, ஐம்பது அடி தள்ளித் தோண்டிய கிணறு வறண்டு கிடப்பதை ஒவ்வோர் ஊரிலும் காணலாம். விரிசலைத் தேடுவதற்கு இரண்டு மில்லிமீட்டர் போதாது. அத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் ஊராட்சி அளவுக்கு இறங்க முனைகிறது. அதற்கு வேண்டிய தரவை அரசு மட்டும் துளையிட்டுத் திரட்ட இயலாது. உழவர்கள் தம் சொந்தப் பணத்தில் போட்ட துளைகளிலேயே அந்தத் தரவு இருக்கிறது.

மின்தடை அளவீட்டை மந்திரக்கோலாக நான் முன்வைக்கவில்லை. அப்படி முன்வைப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நிலத்தின் மேல் நான்கு கம்பிகளை நட்டு, ஒரு பெட்டியின் முள்ளைப் பார்த்து, '620 அடியில் மூன்று அங்குலத் தண்ணீர்' என்று அறுதியிட்டுச் சொல்பவருக்கும் தேங்காயைக் கையில் வைத்து நடப்பவருக்கும் கட்டணத்தில்தான் வேறுபாடு. மேற்பரப்பிலிருந்து எடுக்கும் அளவீடு ஆழம் செல்லச் செல்ல மங்கும். 600 அடியில் கையகல விரிசலை அதனால் காட்ட முடியாது. துளைக்குள் இறக்கும் கருவி விரிசலின் அருகிலேயே செல்வதால் அதைக் காட்டும். அதற்கும் எல்லைகள் உண்டு. களிமண் அடைத்த விரிசலும் நீர் நிறைந்த விரிசலும் கோட்டில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். கடலோரத்தில் களிமண் அடுக்கும் உவர்நீர் மணலும் அப்படியே குழப்பும்; அதனால்தான் இயற்கைக் காமாக் கதிர்வீச்சையும் உடன் அளக்கிறார்கள். எவ்வளவு நீர் கிடைக்கும் என்பதை நீரிறைத்துப் பார்த்தே அறிய முடியும். துளையில் நீர் இல்லாத பகுதியில் இந்தக் கருவி வேலை செய்யாது. குழாய் இறக்கிய பகுதியிலும் செய்யாது.

இந்தக் கடைசி வரம்பில் கடினப் பாறைப் பகுதிக்கு ஒரு நல்வாய்ப்பும் அடங்கியிருக்கிறது. இங்கே கேசிங் குழாய் மேலுள்ள மண்ணும் சிதைந்த பாறையும் முடியும் ஆழம் வரைதான் இறக்கப்படும். அதற்குக் கீழே துளை திறந்தே இருக்கிறது. ஆகவே, மோட்டாரைத் தூக்கினால், நீர்மட்டத்துக்குக் கீழே பழைய கிணறுகளையும் இன்றைக்கும் படிக்கலாம். கைவிடப்பட்ட கிணறுகளில் தூக்க மோட்டார்கூட இல்லை.

கைவிடப்பட்ட கிணறு என்றதும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் நடந்தது நினைவுக்கு வராமல் இராது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூடப்படாத துளைக்குள் விழுந்தது. அருகே மற்றொரு குழி தோண்டிக் குழந்தையை எடுக்க முயன்றபோது, கடினமான பாறை எந்திரங்களைத் தடுத்து நிறுத்தியது. நாள்கணக்கில் நாடே தொலைக்காட்சி முன் காத்திருந்தது. குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. கைவிடப்பட்ட கிணறுகளை அடிமட்டம் வரை நிரப்ப வேண்டும், தோண்டுவதற்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் உச்சநீதிமன்றம் 2010-இலேயே நெறிமுறைகளை வகுத்திருந்தது. எங்கே எத்தனை துளைகள் இருக்கின்றன என்ற பட்டியலே முழுமையாக இல்லாதபோது எதை நிரப்பச் சொல்வது?

சட்டம் இயற்றும் முயற்சியும் நடந்ததுதான். தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் 2003-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலே 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. உழவரிடம் உரிமம் கேட்கும் எந்தச் சட்டமும் எதிர்ப்பைச் சந்திக்கும் என்பதை அரசியல் கட்சிகள் அறியும். அந்த எதிர்ப்பில் நியாயமும் இல்லாமல் இல்லை. ஆலைகளும் அடைத்து விற்கும் நிறுவனங்களும் வரைமுறையின்றி உறிஞ்சும்போது, இரண்டு ஏக்கர்க்காரர் மட்டும் ஏன் அலுவலகப் படியேற வேண்டும்?

நான் சொல்வது உரிமம் அன்று, பதிவு. பிரிட்டனில் தண்ணீருக்காக 15 மீட்டருக்கு மேல் துளையிடுபவர் அந்தத் துளையின் விவரத்தைப் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்பது நெடுங்காலச் சட்டம். விளைவாக, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துளைகளின் பதிவுகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை யாரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். இங்கே அந்தப் பொறுப்பை உழவர்மீது சுமத்த வேண்டியதில்லை. ரிக் வண்டிகளின் எண்ணிக்கை கிணறுகளின் எண்ணிக்கையில் மிகச் சிறு பங்கு. வண்டியின் உரிமையாளர் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, தோண்டிய ஆழம், தூளின் நிறம் மாறிய ஆழம், நீர் வந்த ஆழம் ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிவுசெய்தால் போதும். தேர்ந்த வண்டி ஓட்டுநர் எந்திரத்தின் ஓசை மாறுவதைக் கொண்டே பாறை மாறுவதைச் சொல்லிவிடுகிறார். அந்த அறிவு இன்று அவருடனேயே அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுகிறது.

மின்தடைப் பதிவின் செலவை அரசே ஏற்க வேண்டும். எல்லாக் கிணறுகளிலும் எடுக்க இயலாது, தேவையுமில்லை. ஊராட்சிக்குச் சில துளைகளில், குறிப்பாகத் தோற்றுப்போன துளைகளில் எடுத்தாலே, அந்த ஊரில் விரிசல்கள் எந்த ஆழத்தோடு முடிகின்றன என்பது தெரிந்துவிடும். 500 அடிக்குக் கீழே ஒன்றுமில்லை என்று தெரிந்தால் 1,100 அடிக்கு யாரும் கூலி கொடுக்க மாட்டார்கள். மழைநீரைச் செலுத்தும் மீள்நிரப்புத் துளைகளை எங்கே, எந்த ஆழத்துக்கு அமைப்பது என்பதற்கும் இதே பதிவு உதவும். வேளாண் மின்சாரத்துக்கும் மோட்டாருக்கும் மானியம் தரும் அரசுக்கு ஒரு கருவியும் ஒரு வண்டியும் இரண்டு பணியாளர்களும் மாவட்டத்துக்கு ஒன்றாக வழங்குவது பெருஞ்சுமை ஆகாது.

என் அண்ணனின் தோப்பில் மூன்று துளைகளும் இன்னும் இருக்கின்றன. வாய்களைக் கேசிங் மூடியால் அடைத்து மேலே ஒரு பலகைக் கல்லை வைத்திருக்கிறார். கடந்த பங்குனியில் சென்றிருந்தபோது, பக்கத்து நிலத்தில் புதிதாக ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம் அந்த நிலத்துக்காரர், 'உங்களுது எத்தன அடியிலண்ணா கல்லு மாறுச்சு?' என்று கேட்டார். அண்ணன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, 'நெனவில்லீங்க தம்பி' என்றார்.