பாட்டி வேனிலேயே இருக்கட்டுமா?

கோடை விடுமுறை நெருங்கினால் தில்லித் தமிழர் வீடுகளில் இரண்டே பேச்சுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் உறுதியாயிற்றா என்பது ஒன்று. ஊருக்குப் போகும்போது குழந்தைகளுக்கு எதையெல்லாம் காட்டுவது என்பது மற்றொன்று. சென்னையில் நாலு நாள் தங்குகிறவர்களின் பட்டியலில் மாமல்லபுரம் கட்டாயம் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரப் பயணம். காலையில் வேன் வைத்துக்கொண்டு போனால் மாலையில் திரும்பிவிடலாம். வேனில் பாட்டியும் இருப்பார், தாத்தாவும் இருப்பார். ஆனால் அவர்கள் மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்களா?

ஆர்.கே.புரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பாட்டிக்கு வயது எழுபத்தெட்டு, இரண்டு முழங்காலிலும் மூட்டுவலி. மாமல்லபுரம் போய் இறங்கியதும் மகன், "அம்மா, நீ வேன்லயே இரு. ஏ.சி. போட்டுட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு போய்விட்டார். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பிய பேரன், "பாட்டி, அங்கே ஒருத்தர் கையால மலையைத் தூக்கிட்டு நிக்கிறார், கீழே மாடெல்லாம் இருக்கு" என்றானாம். கோவர்த்தன கிரியின் கதையை அவனுக்கு மூன்று வயதிலிருந்து சோறு ஊட்டும்போது சொல்லி வந்தவரே அந்தப் பாட்டிதான். கைடு இந்தியில் கடகடவென்று ஒப்பித்ததைக் கேட்ட பையனுக்கு, இது நம் பாட்டியின் கதை என்று தோன்றவே இல்லை. அந்தச் சிற்பம் இருக்கும் கிருஷ்ண மண்டபமோ வேன் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

மகனைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அம்மா சிரமப்படக் கூடாது என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் நம் நிலைமையைச் சற்று யோசித்துப் பாருங்கள். தில்லியில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அந்தக் கற்களுக்கும் நடுவே பாலமாக இருப்பது வீட்டுப் பெரியவர்தான். வராகம் யார், மகிஷன் யார், ஆதிசேஷன் மேல் படுத்திருப்பது யார் என்று தமிழில் சொல்லத் தெரிந்த ஒரே ஆளை வேனில் உட்கார வைத்துவிட்டு, மற்ற எல்லாரும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். இதற்காகவா இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தோம்?

ஆகவே என் யோசனை இதுதான்: திட்டத்தைப் பாட்டியிலிருந்து தொடங்குங்கள். ஓடியாடுகிறவர்களுக்கு ஏற்றபடி பயணத்தை அமைத்துவிட்டு, அதில் பாட்டிக்கு எங்கே இடம் என்று தேடினால் வேன்தான் மிஞ்சும்.

மாமல்லபுரத்தில் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கும் அந்தப் பெரும் பாறைச் சிற்பம் சாலையோரத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ தொண்ணூறு அடி நீளம். அதைக் கிட்டே போய்ப் பார்ப்பதைவிட எதிரே சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதே நல்லது. யானைகள், நாகர்கள், ஒற்றைக் காலில் தவம் செய்கிறவர், அவரைப் போலவே கையைத் தூக்கி நிற்கும் போலிப் பூனை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்ட ஒரு மணி நேரம்கூடப் போதாது. பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். இந்த இரண்டை மட்டும் பாட்டியோடு நிதானமாகப் பார்த்தாலே பயணம் பலித்தது என்பேன்.

குன்றின் மேலுள்ள குடைவரைகள் வேறு சங்கதி. வராக மண்டபத்துக்கும், கலங்கரை விளக்கத்தின் அருகிலுள்ள மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்கும் பாறையில் ஏறி இறங்கிப் போகவேண்டும். படிகள் ஒரே உயரமாக இருக்காது. வெயிலில் பாறை கொதிக்கும். சக்கர நாற்காலி அங்கே உதவாது. மூட்டுவலிக்காரரை, "இன்னும் நாலு படிதான்" என்று நைச்சியம் பேசி ஏற்றிவிட்டு, இறங்கும்போது தவிக்க விடுவதும் நியாயமில்லை. அங்கே இளையவர்கள் மட்டும் போய் வரட்டும். அந்த நேரத்தில் பெரியவர்களோடு நிழலில் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும். அந்த ஒருவர் எப்போதும் மருமகளாகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை.

பஞ்ச ரதங்களைச் சுற்றி மணல். சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் மணலில் புதைந்து நின்றுவிடும். நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் ஓரளவு நகரும். ஆனால் அதற்குப் பலசாலி ஒருவர் வேண்டும். ஊருக்கு வடக்கே சுமார் ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பத்திலுள்ள புலிக்குகைக்கு நம்மவர்கள் அதிகம் போவதில்லை. வாயிலிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே மலையேற்றம் இல்லை. கூட்டமும் குறைவு. குகை என்று பெயரே தவிர, யாளித் தலைகள் சூழ்ந்த அதன் முகப்பை வெளியே நின்றபடியே முழுவதும் பார்க்கலாம். அருகிலேயே அதிரணசண்ட மண்டபம். 2004 சுனாமிக்குப் பிறகு 2005-இல் தொல்லியல் துறை தோண்டி வெளிக்கொணர்ந்த பழைய முருகன் கோயிலும் பக்கத்தில்தான். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு ஐந்து ரதத்தைவிட இது சிலாக்கியம் என்பது என் கட்சி.

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் ஆகியவற்றைப் பார்த்தார்கள். இரண்டு பெரிய நாடுகளின் தலைவர்களுக்கே நாலு இடம் போதுமாக இருந்தது. நம் குடும்பங்களுக்கு மட்டும் ஒரே நாளில் பதினாலு இடம், நடுவில் முதலைப் பண்ணை, திரும்பும் வழியில் தி.நகரில் புடவை!

நேரமும் முக்கியம். நமக்கு லீவு கிடைப்பதே கத்திரி வெயிலில்தான், என்ன செய்ய? காலை ஏழு மணிக்கு அங்கே இருந்து, பத்து மணிக்குள் முடித்துக்கொள்வதே உத்தமம். இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. வெளியூர்ப் பயணம் என்றால் நம் வீட்டுப் பாட்டிமார்கள் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். கழிப்பறை எங்கே, எப்படி இருக்குமோ என்ற பயம். மே மாத வெயிலில் இது ஆபத்து. சுத்தமான, மேற்கத்திய முறைக் கழிப்பறை எங்கே உள்ளது என்று முதலில் விசாரித்துக்கொண்டு, அதைப் பாட்டியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். விடுதியில் தங்குவதானால், "லிஃப்ட் உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நண்பர் ஒருவருக்கு, "உண்டு" என்றுதான் பதில் வந்தது. போய்ப் பார்த்தால் லிஃப்டை அடையவே ஆறு படி!

இவ்வளவும் நாம் செய்துகொள்ளவேண்டியது. ஆனால் எல்லாச் சுமையையும் குடும்பத்தின் தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. மாமல்லபுரம் 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். மாற்றுத் திறனாளிகளுக்கான சட்டம் 1995-இல் வந்து, 2016-இல் விரிவான புதுச் சட்டமாகவும் ஆயிற்று. பொது இடங்களுக்கு எல்லாரும் போய்வர வழி செய்யவேண்டும் என்பது இன்று சலுகையல்ல, சட்டம். "ஆயிரத்து முந்நூறு வருஷத்துப் பாறையை உடைத்துச் சாய்தளம் போடச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. 2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங் தில்லி வந்தபோது, நம் கண்ணெதிரிலேயே ஜந்தர் மந்தரிலும் குதுப் மினாரிலும் அவருடைய சக்கர நாற்காலிக்காக மரச் சாய்தளங்கள் போட்டார்களே! ஒரு கல்லுக்கும் சேதமில்லை. அதற்காக முன்னின்று போராடியவர் தில்லியில் வாழ்ந்த ஜாவேத் ஆபிதி. உலகப் புகழ் பெற்றவருக்குச் சில நாட்களில் முடிந்தது, உசிலம்பட்டியிலிருந்து வரும் பாட்டிக்கு ஏன் முடியாது?

மணலிலும் முடியும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிகள் கடலருகே போக 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. மறுபடி சீர்செய்தார்கள். ரதங்களைச் சுற்றி இதில் கால்வாசி நீளம் போட்டாலும் பெரிய காரியம். பம்பாய்க்கு அருகே எலிஃபெண்டா தீவில் குகைக்கு ஏற நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். ஆனாலும் படகுத்துறையிலிருந்து குட்டி ரயில் இருக்கிறது. படியேற முடியாதவர்களை டோலியில் தூக்கிச் செல்கிறார்கள். பழனியில் 1960-களிலிருந்தே விஞ்ச் ஓடுகிறது. அதில் போனவர்களுக்கு முருகன் அருள் குறைந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சாய்தளம் வரும்போது வரட்டும். அதற்கு முன்பு, காசே செலவில்லாத ஒன்றைத் தொல்லியல் துறை செய்யலாம். ஒவ்வொரு மண்டபத்தின் வாயிலிலும், டிக்கெட் கொடுக்கும் இடத்திலும் ஒரு பலகை: வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை அடி தூரம், எத்தனை படி, கைப்பிடி உண்டா, உட்கார நிழல் எங்கே. பாட்டி போவதா வேண்டாமா என்பதைப் பிறகு பாட்டியே முடிவு செய்வார். இப்போது அவருக்காக டிரைவர் முடிவு செய்கிறார்.

அதுவரை அந்தப் பலகையை நாமே தயாரிக்கலாம் என்று சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்வேன். இந்தக் கோடையில் மாமல்லபுரம் போகிற அன்பர்கள் படிகளை எண்ணி வாருங்கள். குழந்தைகளிடம் விட்டால் உற்சாகமாக எண்ணுவார்கள். நிழல், பெஞ்சு, கழிப்பறை, சக்கர நாற்காலி சிக்கிய இடம் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். விடுமுறைக்குப் பிந்தைய இதழில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். அதன் பிரதி ஒன்றைத் திலக் மார்க்கிலுள்ள தொல்லியல் துறைத் தலைமை அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க நான் தயார்.